ஒத்திகையில் உடைந்த கை

கடலோரத்தில் புயல் மீட்பு ஒத்திகை நடந்த அன்று எனக்குக் கொடுத்த வேலை, இடது கால் உடைந்து மணலில் கிடப்பது. அதைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் உடைந்தது வலது மணிக்கட்டு.

நான் மாமல்லபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்தான் முக்கியம், சுடிதார், பாவாடை எல்லாம் கெஞ்சினால் தைப்பேன். என் வீட்டுக்காரர் கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தன்னார்வத் தொண்டு என்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. எனக்கு அது வந்ததற்குக் காரணம் ஒரு ஜாக்கெட்.

எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், ஊரில் உள்ள தன்னார்வலர் குழுவுக்குச் செயலாளர். அவருடைய மனைவியின் பட்டு ஜாக்கெட்டை மூன்று வாரமாக நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை அவரே கடைக்கு வந்து நின்றார். ஜாக்கெட்டைக் கேட்பார் என்று பயந்து, மெஷினுக்குக் கீழே ஏதோ தேடுவதுபோலக் குனிந்தேன்.

"எம்மா, நிமிரு. ஞாயித்துக்கெழம காலைல ஃப்ரீயா?"

"எதுக்குண்ணா?"

"ஒரு ரெண்டு மணி நேரம் சும்மா படுத்துகினு இருக்கணும். அவ்ளோதான்."

"படுத்துகினா?"

"மணல்ல. புயல் ஒத்திகை வெச்சிருக்கோம். அடிபட்டவங்களா நடிக்க லேடீஸ் ஆளே பத்தல. கூப்ட்டவங்க எல்லாம் பொணமா இருந்தாத்தான் வருவோம்னு நிக்கிறாங்கோ."

இருபது வருடமாக மெஷின் மிதிக்கிறேன். இரண்டு மணி நேரம் படுத்துக்கொள் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அதுவும் ஜாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல். உடனே சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஈசிஆரிலிருந்து பிரிந்து கடலுக்குப் போகும் ஒரு குப்பத்தில் கூடினோம். முதலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன், எது நடந்தாலும் குழு பொறுப்பல்ல என்று அதில் எழுதியிருந்ததாம். நான் படிக்கவில்லை. பக்கத்திலேயே பொங்கலும் வடையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் தட்டு வாங்கிக்கொண்டே மறு கையால் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஆளுக்கொரு அட்டையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினார்கள். பச்சை அட்டை, நடக்கக்கூடியவர்கள். மஞ்சள், அடிபட்டவர்கள். சிவப்பு, அவசரம். கறுப்பு, இறந்தவர்கள். கறுப்பு இரண்டே இரண்டுதான் இருந்தது. சிற்பக் கடைக்காரர் ஒருவரும் நுங்கு விற்கிற அம்மா ஒருவரும் விடியும் முன்னே வந்து அவற்றை வாங்கிக்கொண்டு, படகு நிழலில் இடம் பிடித்துப் படுத்துவிட்டார்கள். எனக்கு மஞ்சள். அதில், "இடது கால் எலும்பு முறிவு. சுயநினைவு உண்டு" என்று செயலாளர் அழகாக எழுதியிருந்தார். வெயிலில்தான் இடம்.

ரத்தம் தத்ரூபமாக இருக்கவேண்டும் என்று ரோஸ் சர்பத்தில் குங்குமம் கரைத்து எடுத்து வந்திருந்தார்கள். என் இடது முழங்காலில் தாராளமாக ஊற்றினார்கள். ஐந்து நிமிடத்தில் அந்தக் கடற்கரையில் உள்ள எறும்புகளுக்கெல்லாம் தகவல் போய்விட்டது.

செயலாளர் ஒலிபெருக்கியில், "எல்லாரும் கத்துங்க!" என்றார். எனக்கு எறும்பு கடித்ததால் நடிப்பு நன்றாகவே வந்தது. "ஐயோ, எங்கால் போச்சே!" என்று நான் கத்திய கத்தலில், வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

இரண்டு தொண்டர்கள் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிப் பெல்ட் மாட்டி, தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றில் தள்ளினார்கள். டிரைவர் முப்பது வயது இருக்கக்கூடிய ஒல்லியான ஆள். ஏழு நிமிடத்தில் முதல் ஆளை மருத்துவமனை வாசலில் சேர்க்கவேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். செயலாளர் செல்போனில் நேரம் ஓடவிட்டுக்கொண்டு, "வண்டி எடு! எடு!" என்று ஒலிபெருக்கியை அவர் காதருகே வைத்துக் கத்தினார். அந்த மனிதர் பதறிப்போய் வண்டியை எடுத்தார். பின்கதவைத் தொண்டர்கள் சாத்திவிட்டார்கள் என்று டிரைவர் நினைத்தார். டிரைவர் வந்து சாத்துவார் என்று தொண்டர்கள் நினைத்தார்கள்.

நான் எதையும் நினைக்கவில்லை. எறும்பு முழங்காலைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தது. பெல்ட்டைக் கழற்றி, எழுந்து உட்கார்ந்து அதைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

குப்பத்து வழியில், கூட்டத்தின் கண்ணெதிரிலேயே ஒரு வேகத்தடை உண்டு. வண்டி அதன்மேல் ஏறியது. கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் சக்கரத்தில் ஜம்மென்று ஓடிப் பின்பக்கம் வெளியே வந்தது, நான் அதன்மேல் உட்கார்ந்த வாக்கில். ஒரு நொடி ரதத்தில் போவதுபோல இருந்தது. அப்புறம் வலது கையை ஊன்றித் தரையில் விழுந்தேன். உள்ளே ஏதோ படக்கென்றது.

"ஐயா, இது நெசம்! நெசமாவே கை போச்சு!" என்றேன்.

கைதட்டினார்கள். சிலர் விசிலும் அடித்தார்கள்.

செயலாளர் ஒலிபெருக்கியில், "பாருங்க! இப்படி இருக்கணும். இவங்களப் பாத்து மத்தவங்களும் கத்துக்கணும்!" என்றார். இதைக் கேட்டதும் மற்ற மஞ்சள் அட்டைகளும் சிவப்பு அட்டைகளும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முன்னைவிடப் பலமாக அலற ஆரம்பித்தார்கள். அந்தக் கூச்சலில் என் குரல் எடுபடவே இல்லை.

முதலில் எழுந்து ஓடிவந்தது பிணங்கள்தான். வேலை ஒன்றும் இல்லாமல் நிழலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. நுங்குக்கார அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "அய்ய, கை முருங்கக்கா மாதிரி வளஞ்சிகினு கீது! யோவ், நெசமாவே ஒடஞ்சிடுச்சியா!" என்று கூவினார். அப்போதும் கூட்டத்தில் ஒருவர், "பொணம் பேசக் கூடாதும்மா" என்றார்.

அதே ஆம்புலன்ஸில்தான் என்னை ஏற்றினார்கள். இந்த முறை நான்கு பேர் கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். டிரைவர் அழுதுகொண்டே ஓட்டினார்.

"யக்கா, மன்னிச்சிடுக்கா. கதவ சாத்திட்டாங்கன்னு நெனச்சிகினேன்க்கா."

"சரி, அழுவாம ரோட்டப் பாரு."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிய வேகத்தில், தயிர் கேன் கட்டிய ஒரு சைக்கிள் எங்களை முந்திக்கொண்டு போனது.

போன இடம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. ஒத்திகைக்கு ஆட்கள் வருவார்கள் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வாசலிலேயே தயாராக நின்றார்கள். கழுத்தில் இருந்த அட்டையை ஒருவர் உரக்கப் படித்தார். இன்னொருவர் எழுதிக்கொண்டார். என்னை நேராக எக்ஸ்ரே அறைக்குத் தள்ளி, இடது காலைப் படம் எடுத்தார்கள். நான் இடது கையால் வலது கையைக் காட்டிக் காட்டி அழுதேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கால் ரொம்ப நல்லா இருக்கும்மா. உங்க வயசுக்கு இவ்வளவு நல்ல காலைப் பார்க்கிறதே கஷ்டம். எதுக்கு அழறீங்க?" என்றார்.

"கை சார்! கை!"

அட்டையை மறுபடியும் பார்த்தார். "இதுல கை போடலையே."

ஆம்புலன்ஸ் டிரைவர் உள்ளே வந்து விளக்கிய பிறகுதான் கையையும் படம் எடுத்து மாவுக்கட்டு போட்டார்கள். ஆனால் விபத்துப் பதிவேட்டில் அதற்குள் எழுதிவிட்டார்கள்: இடது கால் எலும்பு முறிவு. அந்த ஒரு வரி பின்னால் என்னை எவ்வளவு அலைக்கழிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வலி ஊசி போட்டிருந்ததால் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் செயலாளர் வந்தார். கையில் சால்வை, ஒரு சான்றிதழ். ஒத்திகையின் நிறைவு விழாவில், சிறந்த நடிப்புக்கான பரிசு எனக்கு என்று ஒருமனதாக முடிவு செய்தார்களாம். அதுவரை அவரும் எல்லாம் நடிப்பு என்றே நினைத்திருந்தாராம். மாவுக்கட்டைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகவும் மனமில்லை. கடைசியில் மாவுக்கட்டின் மேலேயே சால்வையைப் போர்த்தி, சான்றிதழை என் மடியில் வைத்தார். கூட வந்தவர் பழக்கதோஷத்தில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஊசியின் புண்ணியத்தில் அந்தப் படத்திலும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சவாரியை விட்டுவிட்டு ஓடிவந்தார். கட்டிலைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

"இன்னாமே, நடிக்கப் போயி நெசமாவே ஒடச்சிகினு வந்துட்டியா?"

"நானா ஒடச்சிகினேன்? வண்டி ஒடச்சிச்சி."

"பொணமா நடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும், நெனச்சிப் பாரு" என்றார். பிறகு அதை நினைத்துப் பார்த்துத் தானே அழ ஆரம்பித்துவிட்டார். அவரைத் தேற்றுவதற்கு எனக்கு ஒரு கைதான் இருந்தது.

முகூர்த்த மாதம் வேறு. முப்பது ஜாக்கெட் வெட்டிப் போட்டபடி கிடந்தது. மறுநாள் முதல் என்னைப் பார்க்க ஆரஞ்சும் சாத்துக்குடியுமாக வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள். "எப்படி இருக்கே?" என்று ஒரு வரி கேட்பார்கள். அடுத்த வரி, "என் அளவு ஜாக்கெட் எங்க இருக்கு?" ஒரு அம்மா, இடது கையால் கொக்கி மட்டுமாவது வைத்துத் தரமுடியுமா என்று துணியோடு வந்து நின்றார்.

வந்தவர்கள் எல்லாம் சட்டம் சொன்னார்கள். எங்கள் ஊரில் இத்தனை வழக்கறிஞர்கள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. வேலை செய்யும்போது அடிபட்டால் தொழிலாளர் கோர்ட்தான் என்றார் பூக்கடைக்காரம்மா. இல்லை, இது நுகர்வோர் கோர்ட் என்று என் வீட்டுக்காரரின் ஆட்டோவில் வந்த ஒரு பயணி அடித்துச் சொன்னாராம். வேகத்தடை போட்டவர்கள் மேல் போடு என்று ஒருவர். நீதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாயே, ஒன்றும் கிடைக்காது, அவர்கள் உன்மேல் போடாமல் இருந்தால் சரி என்று இன்னொருவர். அன்றைக்கு முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் வளைந்துபோனது உண்மைதான்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. கத்திரிக்கோலைப் பிடித்தால் கை நடுங்கியது. அப்போதுதான் வீட்டுக்காரர், "வா, செங்கல்பட்டுக்குப் போயி கேட்டுட்டே வந்துடலாம்" என்றார். கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வழக்கறிஞரை வைத்துக் கொடுப்பார்கள் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

எனக்குக் கொடுத்த வழக்கறிஞர், என் மூத்த மகளைவிட நாலைந்து வயதே கூடுதலான பெண். கறுப்புக் கோட்டின் தோள்பட்டை அவருக்குப் பெரிதாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். எறும்பு வந்த இடத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் எடுத்தார்.

"சரிம்மா. ஒண்ணொண்ணா பார்ப்போம். அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தாங்களா?"

"பொங்கல் குடுத்தாங்கோ. வடையும் குடுத்தாங்கோ."

"அது சம்பளத்துல வராது. அப்போ நீங்க தொழிலாளி இல்ல. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது. நீங்க அவங்களுக்கு ஏதாவது கட்டணம் கட்டினீங்களா?"

"நடிக்கறதுக்கு நான் ஏன் மேடம் துட்டு கட்டணும்?"

"அப்போ நுகர்வோரும் இல்ல. இலவசமா நடக்கிறதுக்கு அந்தச் சட்டம் வராது."

"அப்போ நான் யாரு மேடம்?" என்றேன். உண்மையிலேயே கவலையாகிவிட்டது.

"தன்னார்வலர். நம்ம ஊர்ல அவங்களுக்குன்னு தனியா இழப்பீட்டுச் சட்டம் இல்ல. ஆனா வழியே இல்லன்னு அர்த்தம் இல்ல. கவனக்குறைவுக்காகக் குழு மேல சிவில் வழக்கு போடலாம். நீங்க கையெழுத்துப் போட்ட தாளை நினைச்சுப் பயப்படாதீங்க. மணல்ல வழுக்கி விழுந்தா உங்க பொறுப்புன்னு அதை வெச்சு அவங்க வாதாடலாம். கதவு சாத்தாத வண்டியில இருந்து விழறதுக்கு நீங்க சம்மதிச்சதா அதை வெச்சு யாரும் சுலபமாச் சொல்லிட முடியாது. ஆனா வருஷக்கணக்கா இழுக்கும். குழுவுக்கு என்ன சொத்து இருக்கு?"

நானும் வீட்டுக்காரரும் யோசித்தோம். "ஒரு ஒலிபெருக்கி. நாப்பது பிளாஸ்டிக் சேர். ஒரு பேனர்" என்றார் அவர். "பேனர்ல போன வருஷத்துப் பேர் போட்டுகினு கீது."

வழக்கறிஞர் எழுதிக்கொள்ளவில்லை. திடீரென்று நிமிர்ந்து, "நீங்க விழும்போது வண்டி ஓடிட்டு இருந்துச்சா, நின்னுட்டு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஓடிகினுதான் இருந்துச்சி மேடம்."

"பொது வழியா?"

"குப்பத்து ரோடு. பஸ் தவிர எல்லாம் போவும்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ இது வெறும் மோட்டார் வாகன விபத்தும்மா! ஒத்திகையோ கல்யாணமோ, எதுக்காக ஏறினீங்கங்கிறது முக்கியம் இல்ல. ஓடற வண்டியால அடிபட்டிருக்கீங்க. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துல மனு போடலாம். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் சரியா இருந்தா கம்பெனி கொடுக்கும். குழு கைக்காசு போட வேண்டாம், டிரைவரும் போட வேண்டாம். ஆனா ஆறு மாசத்துக்குள்ள போட்டாகணும். நல்லவேளை, வந்துட்டீங்க."

எனக்குப் பெரிய ஆறுதல். மருந்துக்கடைக்காரர் மேல் வழக்குப் போட்டால், அப்புறம் தலைவலி மாத்திரைக்குத் திருக்கழுக்குன்றம் போகவேண்டும்.

ஒரே சிக்கல், போலீஸில் புகார் வேண்டும். டிரைவரை மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. அவர் அதற்குள் நாலு முறை வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு முறையும் ஒரு சீப்பு பூவன் பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபித்துக்கொண்டார்.

"யக்கா, இத்தினி நாளா ஏன்க்கா குடுக்கல? என் மேல குடுக்கா. வா, நானே இட்டுகினு போறேன்."

"உன்ன உள்ள வெச்சிட்டா?"

"ஓனருகிட்ட கேட்டுட்டேன்க்கா. ஃபைன் போட்டு வுட்டுருவாங்களாம். நீ குடுக்கலன்னாதான் எனக்குத் தூக்கம் வரல."

அப்படியாக, குற்றம் சாட்டப்பட்டவரே புகார்தாரரையும் புகார்தாரரின் கணவரையும் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். எழுதிக்கொண்ட ஏட்டு, பாதியில் நிறுத்தி, "ஒத்திகையில விபத்து நடந்துச்சா, இல்ல விபத்தே ஒத்திகையா? ஒண்ணு சொல்லுங்க" என்றார். டிரைவர் மிகவும் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். கவனக்குறைவாக என்ற வார்த்தையை இரண்டு இடத்தில் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். கடைசியில் மாஜிஸ்திரேட் முன்னால் அபராதத்தோடு அது முடிந்தது. அன்றைக்கும் எனக்குப் பழம் வந்தது.

மருத்துவமனைப் பதிவேட்டைத் திருத்துவதுதான் பெரும்பாடு. உடையாத கால் உடைந்ததாக அதில் இருந்தது, உடைந்த கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் மாறிவிட்டார். புதிய டாக்டர், நான் பார்க்காத கையைப் பற்றி எப்படி எழுதுவது என்றார். வழக்கறிஞர் கடிதம் எழுதி, இரண்டு எக்ஸ்ரே படங்களையும் தேடி எடுக்கவைத்து, பழைய டாக்டரைக் கண்டுபிடித்து ஒரு சான்று வாங்கினார். என்ன ஆனாலும், முதலில் எழுதியதை அழிக்க முடியாது. பக்கத்தில் திருத்தம் மட்டும் போடலாம் என்றார்கள். ஆகவே இன்றுவரை அந்தப் பதிவேட்டின்படி என் இடது கால் உடைந்துதான் இருக்கிறது.

ஒன்றரை வருடம் போனது. ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டில் மக்கள் நீதிமன்றம் நடந்தது. இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்ட வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வழக்கறிஞர், நரைத்த மீசை வைத்தவர், முதலில் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். என் சிறந்த நடிப்புச் சான்றிதழ். நான் அங்கே தொண்டராக இருந்தேன் என்று காட்ட நாங்களே மனுவோடு இணைத்தது.

"ஐயா, மனுதாரர் பரிசு வாங்கின நடிகை. விழுந்ததும் நடிப்புதான்னு சொல்றதுக்கு இடம் இருக்கு. மருத்துவமனையில் இவர் சால்வையோடு சிரிச்சிட்டிருக்கிற போட்டோவும் இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார்.

எங்கள் வழக்கறிஞர் அன்று யாரோ எடுத்த வீடியோவை லேப்டாப்பில் ஓட்டினார். நான் கத்துகிறேன், ஸ்ட்ரெச்சர் போகிறது, வண்டி கிளம்புகிறது, நான் பின்னால் வருகிறேன், கைதட்டல். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறையும் போடச் சொன்னார். அதற்குள் பக்கத்து அமர்வில் இருந்தவர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"இவங்களுக்கு என்ன வேஷம் கொடுத்தாங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"இடது கால் எலும்பு முறிவு, ஐயா" என்றார் எங்கள் வழக்கறிஞர்.

"விழறதுக்கு முன்னாடி காலைப் பிடிச்சிட்டுக் கத்தறாங்க. விழுந்த பிறகு காலைத் தொடவே இல்லையே, கையைத்தானே பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க. பரிசு வாங்கற நடிகை வேஷத்தை மறப்பாங்களா?"

மீசைக்காரர் சிரித்துவிட்டார். ஆனாலும் அவர் வேலையை அவர் செய்யவேண்டும் அல்லவா? பெல்ட்டைக் கழற்றியது என் தவறு என்றார். எறும்பு கடித்ததற்கு ஆதாரம் கேட்டார். நீதிபதி, "எறும்பு கடிச்சா யாரா இருந்தாலும் தட்டத்தான் செய்வாங்க. ஆனா பெல்ட்டையும் கழற்றியிருக்காங்க, அதுக்குக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றார். எறும்புக்காகக் குறைத்துக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அடுத்து வருமான இழப்பு. நான் தையல்காரி என்பதற்கு அளவு நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். கூடவே, எனக்காகப் பேசுகிறேன் என்று என் வாடிக்கைக்காரம்மா ஒருவரும் வந்திருந்தார். நீதிபதி, "இவங்க உங்களுக்குத் தைப்பாங்களா?" என்று கேட்டார்.

"நல்லாத் தைப்பாங்க சார். கை வெச்சா அப்பிடி உக்காரும். என் ஜாக்கெட் ரெண்டு அங்கதான் கீது."

மீசைக்காரர் உடனே, "அதை எப்போ கொடுத்தீங்கம்மா?" என்றார்.

"அது ஆச்சி சார், இவங்க விழறதுக்கு மூணு மாசம் முன்னாடி."

"அப்போ கை நல்லா இருந்தப்பவும் மூணு மாசமா தைக்கலை. விபத்தால என்ன இழப்பு?"

அறையே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் வழக்கறிஞர் மட்டும் சிரிக்காமல், "ஐயா, மூணு மாசம் காத்திருந்தும் வேற கடைக்குப் போகலைன்னா இவங்க கைக்கு எவ்வளவு மதிப்புன்னு பார்க்கணும்" என்றார். அந்தப் பெண்ணை அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்துப் போடச் சொன்னபோது, முதல் வரி முதல் கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் போட்டேன். மீசைக்காரர் போகும்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா நடிச்சீங்கம்மா, அதான் எங்களுக்குக் குழப்பம்" என்றார். திட்டுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் நானும் கும்பிட்டேன்.

குழு இப்போது ஒத்திகை நடத்தும்போதெல்லாம் தொண்டர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுக்கிறது. செயலாளரே வீடு வீடாகப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். சர்பத்துக்குப் பதில் சாயப் பொடி. ஆம்புலன்ஸ் டிரைவர் அந்த வேலையை விட்டுவிட்டு அச்சரப்பாக்கம் பக்கம் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். அதில் கதவே கிடையாது, நிம்மதியாக இருக்கிறது என்று போனில் சொன்னார். என் மணிக்கட்டு முக்கால்வாசி திரும்புகிறது. ஹெம்மிங் வேலையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வெட்டுவதும் மெஷினும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்ததுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் நானும் வீட்டுக்காரரும் பரோட்டா சாப்பிட்டோம். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். ஒன்றரை வருடமாக மனதில் இருந்த கனம் இறங்கியதாலோ, பரோட்டாவாலோ, அவர் தோளில் சாய்ந்ததும் தூக்கம் வந்தது. எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் விழிப்பு வந்தபோது, அவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"…புயல்ல மாட்டிகினவங்கள காப்பாத்தப் போனாங்க சார் எங்க வூட்ல. ஹெலிகாப்டர் வந்திச்சி. கதவு தெறந்துகினு கீது, யாரும் பாக்கல…"

"ஐயய்யோ! எவ்ளோ உயரம் சார்?"

"தென்ன மரம் ரெண்டு வெச்சிக்கோயேன்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. மேலே என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரியவேண்டியிருந்தது.